கோழி அம்மைத் தடுப்பூசியில் ஆர்இவி பாசிட்டிவ்: உண்மையான கலப்புதானா?

வணக்கம். கோழித் தடுப்பூசிகளைப் பரிசோதிக்கும் அனுபவம் உள்ளவர்களிடம் உதவி கேட்கிறேன்.

உயிருள்ள கோழி அம்மைத் தடுப்பூசி ஒன்றில் வேற்று வைரஸ் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆர்இவிக்கான (ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸ், கோழிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸ்) பிசிஆர் பாசிட்டிவ் காட்டுகிறது. ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. அம்மை வைரஸின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே ஆர்இவியின் துண்டுகள் பதிந்திருக்கும். தடுப்பூசி வகைகளில் பெரும்பாலும் எல்டிஆர் (ஆர்இவி மரபணுத் தொகுப்பின் இரு முனைகளிலும் வரும் வரிசை) மிச்சங்கள் மட்டும். பண்ணைகளில் பரவும் வகைகளில் பலவற்றில் ஏறக்குறைய முழு புரோவைரஸே (டிஎன்ஏவாகப் பதிந்த ஆர்இவி) உண்டு. எங்கள் ப்ரைமர்கள் (பிசிஆர் எந்தப் பகுதியைத் தேட வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) எல்டிஆர் பகுதிக்கானவை. அதனால் சுத்தமான தடுப்பூசியும் பாசிட்டிவ் காட்டலாம்.

அடுத்து ஆர்இவியின் என்வ் (வெளியுறைப் புரதத்துக்கான) மரபணுவுக்கு பிசிஆர் செய்யப் போகிறோம். அதுவும் பாசிட்டிவ் என்றால், தொற்றும் திறனுள்ள வைரஸ் இருக்கிறதா என்பதை டிஎஃப்-1 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் கோழிச் செல்கள்) வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிக்கல் அங்கேதான். அம்மை வைரஸை முதலில் அடக்காவிட்டால் அது செல்களை அழித்துவிடும். அம்மை வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகள் கொண்ட எதிர்ச்சீரம் சேர்ப்பது வழக்கம். 0.2 மைக்ரான் வடிகட்டியும் உதவும் என்று நினைக்கிறேன். அம்மை வைரஸ் பெரியது, ஆர்இவி சுமார் 100 நானோமீட்டர்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் உண்டா? வடிகட்டும்போது ஆர்இவி எவ்வளவு இழப்பாகிறது? எத்தனை முறை செல்களை மாற்றி வளர்த்த பிறகு நெகட்டிவ் என்று முடிவு செய்வீர்கள்?

ஆர்இவி குஞ்சுகளின் நோய் எதிர்ப்பையே குலைத்துவிடும், வளர்ச்சியும் குன்றும். அதனால் சந்தேகத்தோடு இந்தத் தொகுதியை வெளியே விட எனக்கு மனமில்லை. நல்ல தொகுதியை வீணாக்கவும் விருப்பமில்லை. அப்புறம், என்வ் பகுதிக்கு நம்பகமான ப்ரைமர் வரிசை யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.