நிறுவனம் முழுவதும் செயற்கை நுண்ணறிவு என்ற ஆணைக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: குளுவாங் நிரலாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவன். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் லாரி ஓட்டினார். நான் பதினொரு ஆண்டுகளாக மென்பொருள் எழுதி வருகிறேன். சில்லறைக் கடைகளின் கல்லாவில் ஓடும் விற்பனை மென்பொருளைத் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தும் இரண்டு நாள் ஜொகூர் பாரு அலுவலகத்திலும் வேலை செய்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தலைமை நிர்வாகி ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய வாரத்திலேயே ஓர் ஆணை வந்தது. ஆண்டு முடிவதற்குள் நாங்கள் வெளியிடும் நிரலில் பாதியையாவது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதியிருக்க வேண்டும். யார் எத்தனை முறை கருவியைப் பயன்படுத்தினார் என்று மாதந்தோறும் கணக்கெடுக்கப்படும். அந்தக் கணக்கு ஆண்டிறுதி மதிப்பீட்டிலும் சேரும். அதே மாதத்தில் மென்பொருளைச் சோதிக்கும் மூவரில் இருவர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். சோதனைகளையும் கருவியே எழுதிவிடும் என்று காரணம் சொன்னார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல், ரொக்கமாகக் கட்டும்போது ரசீதின் மொத்தத் தொகை கிட்டிய 5 சென்னுக்கு (ஒரு ரிங்கிட்டுக்கு நூறு சென்) மாற்றப்படுகிறது. மாற்றப்படுவது மொத்தம் மட்டுமே. தனித்தனிப் பொருள்களின் விலையைத் தொடக்கூடாது. கருவி எழுதித் தந்த நிரல் ஒவ்வொரு பொருளின் விலையையும் மாற்றிவிட்டுப் பிறகு கூட்டியது. 1.93, 2.43, 3.93 ரிங்கிட் என்று மூன்று பொருள்கள் வாங்கினால் மொத்தம் 8.29, கட்ட வேண்டியது 8.30. எங்கள் மென்பொருள் 8.35 கேட்டது. அதே கருவி எழுதிய சோதனைகளும் அதே தவறான புரிதலோடு எழுதப்பட்டிருந்ததால் எல்லாம் சரியென்றே காட்டின. ஒன்பது நாள் கடைகளில் ஓடிய பிறகு, ஒரு கல்லாக்காரப் பெண் மனக்கணக்கில் அதைக் கண்டுபிடித்தார். அனுப்பப்பட்ட சோதனையாளர்களில் ஒருவர் முன்பு கல்லாவில் நின்று வேலை செய்தவர். எந்த மாற்றம் வந்தாலும் அவர் முதலில் 3-இலும் 8-இலும் முடியும் விலைகளைப் போட்டுப் பார்ப்பார். அந்த வழக்கம் எந்த ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் அல்லன். நானே தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். தெரியாத மொழியில் எழுதப்பட்ட பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள அதைப் போன்ற துணையை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் வேகத்தைப் பற்றி நமக்குள்ள உணர்வை நம்ப முடியாது. 2025-இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவம் வாய்ந்த 16 நிரலாளர்களை அவர்கள் நன்கு பழகிய திட்டங்களிலேயே வேலை செய்ய வைத்து அளந்தபோது, கருவியோடு செய்த வேலைக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ தாங்கள் 20 விழுக்காடு வேகமாகச் செய்ததாக நம்பினார்கள். சுவீடனின் கிளார்னா நிறுவனம், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் தன் உரையாடல் கருவி 700 பேரின் வேலையைச் செய்வதாக 2024 தொடக்கத்தில் அறிவித்தது. அடுத்த ஆண்டே, சேவையின் தரம் குறைந்துவிட்டதென்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டு மீண்டும் மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

என்னை அதிகம் வருத்துவது, முடிவு எடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர்கள் வேறு சிலர் என்பதுதான். 2014-இல் ஜப்பானின் காணொளி விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோ நட்டத்தில் இருந்தபோது அதன் தலைவர் சத்தோரு இவாத்தா ஐந்து மாதங்களுக்குத் தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஒருவர் புதிய பாதையில் போவோம் என்று அழைத்தால் நான் தயங்காமல் பின்னால் போவேன்.

இப்போது மூத்த ஊழியர்கள் தங்கள் கருத்தை இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று தலைமை கேட்டிருக்கிறது. நான் என்ன எழுத வேண்டும்? மாற்றத்தை வெறுப்பவன் என்று ஒதுக்கிவிடாதபடி, அதே சமயம் உண்மையை மறைக்காமல் எப்படி எழுதுவது?

பதில்: ஓய்வுபெற்ற கிராணி

தம்பி, நான் முப்பத்தோரு ஆண்டுகள் இந்த வட்டாரத் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். கணினி வேலை எனக்குத் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து வந்த ஒரு புதுமை, ஒரு வேலையையே இல்லாமல் ஆக்கியதை நம் குளுவாங்கில் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

செம்பனை ஆப்பிரிக்க மரம். இந்நாட்டில் 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் அது முதன்முதலில் வணிகப் பயிராக நடப்பட்டது. காற்றே அதன் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள்; புத்தகங்களும் அப்படியே சொல்லின. காய்ப்புப் போதாத இடங்களில், மகரந்தத்தை டால்க் பொடியோடு கலந்து ஒவ்வொரு பெண்பூவிலும் ஊதுவதற்கு ஆள் வைத்திருந்தோம். லெஸ்லி டேவிட்சன் என்பவர் இளம் வயதில் ஜொகூரில் தோட்ட வேலைக்கு வந்து, பின்னர் யூனிலீவர் தோட்டங்களின் உயர் பொறுப்புக்கு உயர்ந்தவர். இடையில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குப் போனபோது, அங்கே யாரும் மகரந்தம் ஊதாமலேயே குலைகள் நிறையக் காய்ப்பதையும் ஆண்பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கவனித்தார். காற்றுதான் காரணம் என்று நிபுணர்கள் சொன்னபோதும் அவர் விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, பொறுப்பு தம் கைக்கு வந்ததும், சையது என்ற பூச்சியியல் அறிஞரைக் கொண்டு அதை ஆராயச் செய்தார். அந்த வண்டு செம்பனையை விட்டால் வேறெந்தப் பயிரிலும் பெருகாது என்று சோதித்து உறுதிசெய்து, நோய் எதுவும் கூடவே வந்துவிடாதபடி தனிமைப்படுத்தி வளர்த்த பிறகுதான், 1981-இல் நம் குளுவாங்கின் பாமோல் தோட்டத்தில் அதை விட்டார்கள். சில காலத்திலேயே அது தீபகற்பம் முழுவதும் பரவியது. மகரந்தம் ஊதும் வேலை நின்றுபோனது.

காட்டில் விட்ட வண்டைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று அறிந்தவர்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தார்கள் என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் சோதிப்பவர்களை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு கடைகளுக்குள் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனை பேர் எத்தனை பூவில் ஊதினார்கள் என்று நான் நாள்தோறும் பேரேட்டில் எழுதினேன். ஊதிய குலைகளில் எத்தனை காய் திரண்டது என்பதை ஒருநாளும் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. கருவியை எத்தனை முறை தொட்டீர்கள் என்று உங்கள் தலைமை எண்ணுவதைப் படித்ததும் அந்தப் பேரேடுதான் நினைவுக்கு வந்தது. கடையில் எத்தனை தவறு குறைந்தது என்ற கணக்கைக் கேளுங்கள் என்று எழுதுங்கள்.

பதில்: செனாய் தொழிற்சாலைப் பொறியாளர்

நண்பரே, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இரண்டு இடங்களில் உங்களோடு வேறுபடுகிறேன். நீங்கள் காட்டிய ஆய்வு, தங்கள் சொந்தத் திட்டங்களை உள்ளங்கைபோல் அறிந்தவர்களை வைத்து, 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளோடு நடத்தப்பட்டது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கும், நீங்களே சொன்னதுபோல் அறியாத நிரலைப் படிப்பவருக்கும் அந்த எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதைக் கடிதத்தில் ஆயுதமாக வைத்தால் தலைமை எளிதாகத் தட்டிவிடும். உங்கள் கடையில் நடந்த 5 சென் கணக்கை யாராலும் தட்ட முடியாது.

இரண்டாவது, இந்த அலை வடிந்துவிடும் என்ற தொனி உங்கள் எழுத்தில் கொஞ்சம் தெரிகிறது. ஜொகூரின் கூலாயில் செம்பனை நின்ற தோட்ட நிலத்தில்தான் இன்று செயற்கை நுண்ணறிவை இயக்கும் தரவு மையங்கள் எழுகின்றன. அங்கே மலேசியாவின் ஒய்டிஎல் குழுமமும் அமெரிக்கச் சில்லு நிறுவனமான என்விடியாவும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 கோடி ரிங்கிட் முதலீட்டை 2023 டிசம்பரில் அறிவித்தன. மலேசியா முழுவதற்குமாக 220 கோடி அமெரிக்க டாலர் முதலீடு என்று மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் சொன்னது. இவ்வளவு பணம் இறங்கிய பிறகு, அதைப் பயன்படுத்துகிறோம் என்று காட்டும் நெருக்கடி உங்கள் தலைமை நிர்வாகி வரை வந்தே தீரும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; முதலீட்டாளர்கள் கேட்கும் கேள்விக்கு அவரிடம் வேறு பதில் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பதிலை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

ஒரு பழைய நிகழ்வைச் சொல்கிறேன். இன்டெல் நிறுவனம் நினைவகச் சில்லுகளைச் செய்துதான் பெயர் வாங்கியது. ஜப்பானியப் போட்டியில் அந்தத் தொழில் சரிந்து, 1985-இல் அதன் தலைவர்கள் அதைக் கைவிட்டு, கணினியின் மூளையான நுண்செயலிகளுக்கு மாறினார்கள். பெரிய தலைமை முடிவு என்று இதை எல்லாரும் பாராட்டுவார்கள். ஆனால் அதற்குப் பல காலம் முன்பே, எந்தச் சில்லு அதிக ஆதாயம் தருகிறதோ அதற்கு இயந்திர நேரத்தை ஒதுக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றி, உற்பத்தித் திட்டமிடுவோர் மாதாமாதம் நினைவகத்தின் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. சரியானதைக் கணக்கெடுக்கும் விதி ஒன்று கீழே இருந்ததால் அந்த நிறுவனம் பிழைத்தது. கிராணி ஐயா பேரேட்டைப் பற்றிச் சொன்னதும் இதுவேதான்.

என் தொழிற்சாலையில் எந்தப் புதிய இயந்திரமும் முதலில் ஒரே ஒரு உற்பத்தி வரிசையில் மட்டும் ஓடும். அந்த வரிசையில் நிற்கும் எவரும் கயிற்றை இழுத்து அதை நிறுத்தலாம். டொயோட்டாவிடமிருந்து உலகம் கற்ற முறை அது. உங்கள் நிறுவனத்தில் அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பதில்: மாவு ஊதியவரின் மகள்

கிராணி ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதில் ஓரிடத்தை மட்டும் நிரப்ப விரும்புகிறேன். மகரந்தம் ஊதிய பெண்களில் என் அம்மாவும் ஒருவர். நீங்கள் சொன்ன தோட்டம் இல்லை, வேறொன்று. ஒருநாள் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) இனி இந்த வேலை இல்லை என்றார்கள், அவ்வளவுதான். அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போனார், சம்பளம் குறைந்தது. வண்டு வந்தது நல்லதுதான் என்று அம்மாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பொடியை மூச்சில் இழுத்தவர் அவர். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அக்காவின் பள்ளிச் செலவுக்கு வேறு வழி பார்த்திருப்போம் என்பார்.

அம்மா சொன்ன இன்னொன்று உங்கள் சோதனையாளரைப் பற்றிப் படித்தபோது நினைவுக்கு வந்தது. எந்தப் பூவில் ஊத வேண்டும் என்பதை அவர்கள் வாசனையை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். பெண்பூ பக்குவமாகும் நாளில் சோம்பு மணம் வரும். அந்த வண்டை இழுப்பதும் அதே மணம்தான் என்று நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அறிஞர்கள் தேடிப் போன குறிப்பில் பாதி, பொடிக் குழாயைப் பிடித்திருந்த பெண்களின் மூக்கில் இருந்தது. அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நான் மனிதவளப் பிரிவில் வேலை செய்பவள். இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்கும் வருகின்றன. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், தம்பி. உலக நிறுவனங்களின் பெயர்களை விட்டுவிடுங்கள். ஒன்பது நாள், எத்தனை கடைகள், எத்தனை ரசீதுகள், திருப்பிக் கொடுத்த தொகை எவ்வளவு, அதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆனது என்பதோடு தொடங்குங்கள். பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆணையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டால் எந்தத் தலைவருக்கும் மனம் இறுகும். ஒரு பிரிவில் மூன்று மாதம் முயன்று பார்ப்போம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அந்த வரி கடிதத்தில் இருக்க வேண்டும்.

பதில்: குளுவாங் நிரலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிளார்னாவையும் ஆய்வையும் எடுத்துவிட்டேன். பொறியாளர் சொன்னது சரிதான், அந்த எண்களுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். நேற்று இரவு நான்காவது முறையாக எழுதியதில் ஐந்து வேண்டுகோள்கள் இருக்கின்றன. பயன்படுத்திய தடவைகளுக்குப் பதிலாகக் கடைகளிலிருந்து வரும் புகார்களை எண்ண வேண்டும். முதல் மூன்று மாதம் சரக்கிருப்புப் பகுதியில் மட்டும் கருவியின் நிரலை அனுமதிக்க வேண்டும். பணத்தைத் தொடும் பகுதியில் மனிதர் ஒருவர் சோதிக்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது. அதை நிறுத்தும் உரிமை சோதிப்பவருக்கு இருக்க வேண்டும். அனுப்பப்பட்ட இருவரில் ஒருவரையாவது திரும்ப அழைக்க வேண்டும்.

தலைமை நிர்வாகி ஒரு நாள் குளுவாங் சந்தைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வாடிக்கையாளர் கடையில், சனிக்கிழமைக் கூட்ட நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அவரோடு நானும் நிற்பதாக எழுதியிருக்கிறேன்.

அக்கா, உங்கள் அம்மாவின் சோம்பு வாசனையைப் படித்த பிறகு இன்னொன்றும் செய்யத் தோன்றியது. அந்தச் சோதனையாளரை நாளை மாலை அழைத்துப் பேசுகிறேன். அவர் தலைக்குள் வைத்திருந்த சோதனைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு கடிதத்தின் பின்னிணைப்பாக வைக்கப் போகிறேன். கடிதம் வெள்ளிக்கிழமை போகிறது.