64 ஜிபி டேட்டாபேஸ் சர்வரில் ஓவர்கமிட்டை 2-க்கு மாற்றலாமா?

தரவுத்தச்சன்
லினக்ஸ் மெஷின், கர்னல் 6.1. ராம் 64 ஜிபி, ஸ்வாப் (ராம் நிரம்பினால் பயன்படும் டிஸ்க் இடம்) 4 ஜிபி. போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ் ஓடுகிறது: ஷேர்டு_பஃபர்ஸ் (எல்லாக் கனெக்‌ஷனும் பகிரும் கேஷ்) 16 ஜிபி, கனெக்‌ஷன் 300 வரை, வொர்க்_மெம் (குவெரியின் ஒவ்வொரு சார்ட், ஹாஷ் வேலைக்கும் தரும் மெமரி) 64 எம்பி. பக்கத்திலேயே ரெடிஸ் (ராமிலேயே தரவை வைக்கும் ஸ்டோர்), மேக்ஸ்மெமரி 10 ஜிபி, ஆர்டிபி சேவ் (அவ்வப்போது முழுத் தரவையும் டிஸ்கில் எழுதுவது) ஆன். ஓவர்கமிட்_மெமரி (கையில் இருப்பதைவிட அதிக மெமரியைக் கர்னல் வாக்களிக்கலாமா என்று சொல்லும் அமைப்பு: 0 என்றால் மேலோட்டமாகப் பார்த்து, 1 என்றால் எப்போதும், 2 என்றால் வரம்புக்குள் மட்டும்) இப்போது 0. பெரிய ரிப்போர்ட் குவெரிகள் ஒன்றாக விழும்போது ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி) வந்து, கனெக்‌ஷனுக்கு ஒன்றாக ஓடும் பேக்கெண்ட் ப்ராசஸ்களில் ஒன்றைக் கொன்றுவிடுகிறது, அதோடு மொத்த டேட்டாபேஸும் ரீஸ்டார்ட் ஆகிறது. போஸ்ட்கிரெஸ் ஆவணம் 2 வைக்கச் சொல்கிறது. ரெடிஸ் 1 வைக்கச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

கமிட்கணக்கு
2 வையுங்கள், தயங்க வேண்டாம். 0-வில் கர்னல் பெயருக்குத்தான் பார்க்கிறது. இப்போதைய கர்னல்களில் ஒரே தடவையில் ராமும் ஸ்வாப்பும் சேர்ந்த அளவைவிட அதிகமாகக் கேட்டால் மட்டும் மறுக்கும். உங்கள் மெஷினில் அது 68 ஜிபி. அதற்குக் கீழே எத்தனை பேர் எத்தனை முறை கேட்டாலும் "சரி" என்றுதான் பதில். எழுதப் போகும்போது பக்கம் இல்லையென்றால் ஓஓஎம் கில்லர்.

போஸ்ட்கிரெஸுக்கு அதுதான் மிக மோசமான முடிவு. ஒரு பேக்கெண்ட் சிக்கில் (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) வாங்கிச் செத்தால், பகிர்ந்த மெமரியை அது பாதியில் கெடுத்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் (போஸ்ட்கிரெஸின் தாய் ப்ராசஸ்) மற்ற எல்லா பேக்கெண்டுகளையும் நிறுத்திவிடும். கடைசி செக்பாயின்டிலிருந்து வால் ரீப்ளே (மாற்றப் பதிவை மறுபடி ஓட்டுவது) முடியும்வரை 300 கனெக்‌ஷனும் வெளியே நிற்க வேண்டும். 2-ல் இருந்தால் மாலோக் (மெமரி கேட்கும் அழைப்பு) தோற்கும், அந்த ஒரு குவெரிக்கு "அவுட் ஆஃப் மெமரி" பிழை வரும், அந்த டிரான்சாக்‌ஷன் மட்டும் ரோல்பேக் ஆகும். மற்ற 299 பேருக்கு எதுவும் தெரியாது.

ஃபோர்க்பிரியன்
சொல்வது போஸ்ட்கிரெஸ் மட்டும் இருக்கும் மெஷினுக்குச் சரி. இங்கே ரெடிஸ் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2-ல் கமிட்லிமிட் (கர்னல் மொத்தமாக வாக்களிக்கும் வரம்பு) = ராமில் ஓவர்கமிட்_ரேஷியோ சதவீதம் + ஸ்வாப். ரேஷியோவின் இயல்பு மதிப்பு 50. 64-ல் பாதி 32, ஸ்வாப் 4, மொத்தம் 36 ஜிபி. ஷேர்டு_பஃபர்ஸ் 16. ரெடிஸ் 10. ரெடிஸ் சேவ் செய்ய ஃபோர்க் செய்யும்போது (தன் ப்ராசஸை நகலெடுக்கும்போது), காப்பி-ஆன்-ரைட்டில் (மாறும் பக்கத்தை மட்டும் நகலெடுக்கும் முறையில்) உண்மையில் சில நூறு எம்பி மட்டுமே போனாலும், எழுதக்கூடிய பிரைவேட் பக்கம் அத்தனையையும் கர்னல் இன்னொரு முறை கணக்கில் ஏற்றும். இன்னொரு 10. 16+10+10 = 36. பேக்கெண்டுகளுக்கு ஒரு கேபி கூட மிச்சமில்லை.

ஃபோர்க் தோற்றால் "சேவ் ஆகவில்லை" என்பதோடு விஷயம் முடியாது. ஸ்டாப்-ரைட்ஸ்-ஆன்-பிஜிசேவ்-எரர் இயல்பாகவே 'யெஸ்'. அதனால் கடைசி சேவ் தோற்ற நிமிடத்திலிருந்து ரெடிஸ் எழுத்துகளை எல்லாம் மிஸ்கான்ஃப் பிழையோடு திருப்பி அனுப்பும். மாலோக் தோற்றால் இன்னும் மோசம்: ரெடிஸ் தானே அபார்ட் ஆகி விழும். போஸ்ட்கிரெஸ் மாதிரி பிழையைச் சொல்லிவிட்டுத் தொடரும் வழக்கம் அதற்கு இல்லை. ராமில் 20 ஜிபி சும்மா கிடக்கும்போதே இதெல்லாம் நடக்கும்.

கமிட்கணக்கு
ரேஷியோ 50-ஐ அப்படியே விட்டுவிட்டு 2 வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. முதல் வேலை ஷேர்டு_பஃபர்ஸை ஹ்யூஜ் பேஜுக்கு (வழக்கமான 4 கேபிக்குப் பதில் 2 எம்பி மெமரிப் பக்கத்துக்கு) நகர்த்துவது. எத்தனை பக்கம் வேண்டும் என்று போஸ்ட்கிரெஸே சொல்லும்: சர்வீஸை நிறுத்திவிட்டு, போஸ்ட்கிரெஸ் பைனரியை 'சி' ஆப்ஷனோடு ஓட்டி ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹ்யூஜ்_பேஜஸ் மதிப்பைக் கேளுங்கள். 15-லிருந்து இது உண்டு. 16 ஜிபிக்கு 8,192-க்குக் கொஞ்சம் மேலே வரும். 8,500 ஒதுக்கினால் 16.6 ஜிபி.

ஹ்யூஜ் பேஜ்கள் ராம் கணக்கிலிருந்தே கழிக்கப்படும், கமிட்டெட்_ஏஎஸ்ஸிலும் (கர்னல் இதுவரை வாக்களித்த மொத்தத்திலும்) ஏறாது. மிச்சம் 47.4 ஜிபி. ரேஷியோ 80 என்றால் 37.9, ஸ்வாப்போடு 41.9. ரெடிஸ் இரட்டிப்பாகி 20. கனெக்‌ஷனுக்குச் சுமார் 10 எம்பி என்று 300-க்கு 3. இன்னும் 18 ஜிபிக்கு மேல் ரிப்போர்ட்டுகளுக்கு இருக்கிறது.

ஃபோர்க்பிரியன்
அந்த 18 எவ்வளவு தாங்கும்? 15-ல் ஹாஷ்_மெம்_மல்டிப்ளையர் இயல்பாக 2.0. ஆக ஒரு ஹாஷ் நோடுக்கு (குவெரித் திட்டத்தில் ஹாஷ் அட்டவணை கட்டும் படிக்கு) 64 அல்ல, 128 எம்பி. நாலு ஹாஷ் நோடு உள்ள ரிப்போர்ட், லீடரும் இரண்டு பேரலல் வொர்க்கரும்: 4 × 128 × 3 = 1,536 எம்பி. அப்படிப் பன்னிரண்டு ஒன்றாக ஓடினால் 18 ஜிபி காலி.

அப்போது அடி யாருக்கு? அடுத்து யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு. பெரிய ரிப்போர்ட் ஏற்கெனவே வாங்கிவிட்டது, அதற்குப் பிரச்சினை இல்லை. ஒரு வரி படிக்க வந்த சின்ன குவெரிக்குப் பிழை வரும், அல்லது "புதிய ப்ராசஸை ஃபோர்க் செய்ய முடியவில்லை" என்று புது கனெக்‌ஷனே மறுக்கப்படும், அல்லது ரெடிஸின் சேவ் தோற்கும். ஓஓஎம் கில்லராவது பெரிய ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். கமிட்லிமிட் ஆள் பார்க்காது.

அதோடு வெறும் முன்பதிவும் செலவாக எழுதப்படும். சி-யில் எழுதிய ஏஜென்ட் ஒன்று 500 த்ரெட் திறந்தால், த்ரெட்டுக்கு 8 எம்பி ஸ்டாக் என்று 4,000 எம்பி கணக்கில் ஏறும். அதில் தொட்டது 50 எம்பி கூட இருக்காது. மேப்_நோரிசர்வ் ('கணக்கில் ஏற்றாதே' என்ற குறி) போட்டாலும் 2-ல் கர்னல் அதைக் கண்டுகொள்ளாது. அட்ரஸ் சானிடைசரோடு (மெமரிப் பிழைகளைக் காட்டும் கருவியோடு) கம்பைல் செய்த பைனரி தொடங்கவே தொடங்காது, அது நிழல் மெமரியை டெராபைட் கணக்கில் கேட்கும்.

கமிட்கணக்கு
ஸ்டாக் கணக்கு சரி. யூலிமிட்டில் ஸ்டாக்கை 1 எம்பி ஆக்கினால் அந்த 4,000 வெறும் 500 ஆகும். ஜாவாவின் ஹீப் முன்பதிவு ப்ராட்_நன் மேப்பிங், எழுத முடியாத பகுதி, அது கணக்கில் வராது. எல்லா முன்பதிவும் செலவு என்று சொல்லிவிட முடியாது.

"ஆள் பார்க்காது" என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எதிரே இருப்பது என்ன? ஒரு சின்ன குவெரிக்குப் பிழை வந்தால் அப்ளிகேஷன் திரும்பக் கேட்கும். ஓஓஎம் பெரிய ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் சின்ன ஆள் அத்தனை பேரும் சேர்ந்துதான் விழுகிறார்கள். போஸ்ட்மாஸ்டருக்கு ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ் -1000 வைத்து (ஓஓஎம் கில்லர் அதைத் தொடாது), குழந்தை ப்ராசஸ்களை வழக்கம்போல 0-வில் விட்டால் அது போஸ்ட்மாஸ்டரை மட்டுமே காக்கும். குழந்தை ப்ராசஸ் செத்தாலும் ரீசெட் நடக்கும்.

இரவுப்பணி
இடையில் ஒன்று. ஓஓஎம் அடித்த பிறகு போஸ்ட்கிரெஸ் ரிகவரிக்குப் போகாமல் ஒரேயடியாக நின்றுபோனால் சிஸ்டம்டி (சர்வீஸ்களை நடத்தும் மேலாளர்) யூனிட்டில் ஓஓஎம்பாலிசியைப் பாருங்கள். இயல்பு மதிப்பு 'ஸ்டாப்'. சர்வீஸின் சிக்ரூப்பில் (ப்ராசஸ் குழுவில்) எந்த ஒரு ப்ராசஸை கர்னல் கொன்றாலும் சிஸ்டம்டி முழு சர்வீஸையும் நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸுக்கு 'கன்டின்யூ' வையுங்கள். ஓவர்கமிட் எந்த மதிப்பில் இருந்தாலும் இது வேண்டும்.

ஃபோர்க்பிரியன்
நல்ல தகவல். 2-க்கு எதிரான என் முக்கியமான வாதத்தை இன்னும் வைக்கவில்லை: 2 வைத்தாலும் ஓஓஎம் வரும். கமிட்டெட்_ஏஎஸ் யூசர் மேப்பிங்குகளை மட்டுமே எண்ணுகிறது. கர்னலின் ஸ்லாப் (அதன் சொந்த மெமரி), சாக்கெட் பஃபர், பேஜ் டேபிள் (எந்தப் பக்கம் ராமில் எங்கே என்ற அட்டவணை) எதுவும் அதில் இல்லை.

பேஜ் டேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 41,94,304 பதிவுகள். பதிவுக்கு 8 பைட், மொத்தம் 32 எம்பி. இது ஒவ்வொரு பேக்கெண்டுக்கும் தனித்தனி. நீண்ட நேரம் உயிரோடு இருக்கும் 300 கனெக்‌ஷன் ஷேர்டு_பஃபர்ஸ் முழுவதையும் தொட்டுவிட்டால் 9,600 எம்பி. மெம்இன்ஃபோவில் பேஜ்டேபிள்ஸ் வரியைப் பாருங்கள், உங்கள் ஓஓஎம்முக்குக் காரணமே அங்கே இருக்கலாம். பூலிங் வைத்து (சில கனெக்‌ஷனைப் பலருக்குப் பகிர்ந்து) கனெக்‌ஷனை 60-க்குள் கொண்டுவந்தால் ஓவர்கமிட்டைத் தொடாமலே பாதி தீர்ந்துவிடும்.

கமிட்கணக்கு
அதனால்தான் ஹ்யூஜ் பேஜை முதலில் சொன்னேன். 2 எம்பி பக்கமானால் 8,192 பதிவுகள், பேக்கெண்டுக்கு 64 கேபி. 300 பேருக்கும் சேர்த்து 20 எம்பிக்குள். ரேஷியோவை 100-க்கு ஏற்றாமல் 80-ல் நிறுத்துவதும் இதற்காகத்தான்: மிச்ச 20 சதவீதம் கர்னலுக்கும் பேஜ் கேஷுக்கும்.

தரவுத்தச்சன்
பேஜ்டேபிள்ஸ் பார்த்தேன், 7 ஜிபியைத் தாண்டி நிற்கிறது. ஹ்யூஜ் பேஜ் கட்டாயம் போடுகிறேன். அதற்குப் பிறகு 2-க்குப் போவதென்றால் எந்த வரிசை? ஓவர்கமிட்_கேபைட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, ரேஷியோவுக்குப் பதில் அதை வைக்கலாமா?

கமிட்கணக்கு
வரிசை தவறினால் மெஷினுக்குள் நுழையவே முடியாமல் போகும். கமிட்டெட்_ஏஎஸ் ஏற்கெனவே லிமிட்டுக்கு மேலே இருக்கும்போது 2 போட்டால் கர்னல் தடுக்காது. அடுத்த நொடியிலிருந்து எல்லா ஒதுக்கீடும் தோற்கும், எஸ்எஸ்ஹெச் ஃபோர்க் உட்பட.

முதலில் ஹ்யூஜ் பேஜ். அதைப் பூட் நேரத்திலேயே ஒதுக்குங்கள்; நாள்கணக்கில் ஓடிய மெஷினில் மெமரி துண்டுதுண்டாகி 8,500 கிடைக்காது. போஸ்ட்கிரெஸில் ஹ்யூஜ்_பேஜஸ் 'ஆன்' வையுங்கள், 'ட்ரை' வேண்டாம். 'ட்ரை' சத்தமில்லாமல் 4 கேபிக்குத் திரும்பிவிடும், அப்போது 16 ஜிபி இரண்டு தடவை போகும். பிறகு மாதக் கடைசி ரிப்போர்ட் நாள் உட்பட கமிட்டெட்_ஏஎஸ் உச்சத்தைப் பதிவு செய்யுங்கள். சார் (மெஷின் பயன்பாட்டைப் பதியும் கருவி) ஆர் ஆப்ஷனோடு அதை கேபிகமிட் என்று காட்டும். பக்கத்தில் வரும் சதவீதத்தை நம்ப வேண்டாம், அது ராம்+ஸ்வாப்போடு ஒப்பிட்டது, கமிட்லிமிட்டோடு அல்ல. உச்சம் 35 ஜிபிக்குள் இருந்தால் ரேஷியோவை 80 ஆக்கி, அட்மின்_ரிசர்வ்_கேபைட்ஸை (ரூட்டுக்கென ஒதுக்கும் மெமரி, கேபியில்) 1,31,072-க்கு ஏற்றுங்கள். இயல்பான 8 எம்பியில் ரூட்டால் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஓவர்கமிட்_மெமரி 2. சிஸ்கண்ட்ரோல் கோப்பிலும் இதே வரிசை.

கேபைட்ஸ் வேண்டாம். அது வைத்தால் ரேஷியோ 0 ஆகிவிடும், ஹ்யூஜ் பேஜும் கழிக்கப்படாது. நாளை யாராவது ஹ்யூஜ் பேஜைக் கூட்டினால் லிமிட் அப்படியே நிற்கும், ராம் மட்டும் குறையும்.

ஃபோர்க்பிரியன்
வரிசையில் குறை இல்லை. ஆனால் உச்சம் 35-ஐத் தாண்டினால்? என் வழி: 0-விலேயே விடுங்கள். ஹ்யூஜ் பேஜ், கனெக்‌ஷன் பூலிங், ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் வொர்க்_மெம் 32 எம்பி. ரெடிஸ் யூனிட்டில் மெமரிமேக்ஸ் (சர்வீஸின் மெமரி வரம்பு) 22 ஜிபி. ஃபோர்க்கின்போது எல்லாப் பக்கமும் மாறினாலும் 20-க்கு அதிகம் போகாது.

கமிட்கணக்கு
ரெடிஸுக்கு அது சரி. போஸ்ட்கிரெஸுக்கு மெமரிமேக்ஸ் போட்டுவிடாதீர்கள், அந்த வரம்பும் சிக்கில்தான் அனுப்பும். உங்கள் 0-வில் பதின்மூன்றாவது ரிப்போர்ட் வந்த அன்று 300 பேரும் வெளியே.

ஃபோர்க்பிரியன்
உங்கள் 2-ல் அன்று ரெடிஸ் சேவ் தோற்று எழுத்து நிற்கும். ரெடிஸை வேறு மெஷினுக்கு மாற்றினால் 2-க்கு நானும் கை தூக்குகிறேன். அதுவரை இந்த மெஷினில் 0.

தரவுத்தச்சன்
16 ஜிபி மெஷின் ஒன்று காலியாக இருக்கிறது. 10 ஜிபி ரெடிஸுக்கு அது போதுமா?

ஃபோர்க்பிரியன்
அங்கே ஓவர்கமிட்_மெமரி 1, ஸ்வாப் 4 ஜிபி. சேவ் முடிந்ததும் ரெடிஸ் லாகில் காப்பி-ஆன்-ரைட்டுக்கு எத்தனை எம்பி போனது என்று ஒரு வரி எழுதும். அந்த எண் 3,000-க்குள் இருந்தால் போதும். தாண்டினால் மேக்ஸ்மெமரியை 8 ஜிபிக்கு இறக்குங்கள்.