நாக்கு வைத்த லாடத்துக்கு என்ன பெயர்?

நீலகிரியிலிருந்து, கால்நடை மருத்துவர்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை உதகையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் லாடம் அடிப்பவர்களுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டி, தமிழில் குரல் கொடுக்க வேண்டும். வியாழன் இரவுக்குள் வசனம் முடிந்தால்தான் பதிவு செய்ய முடியும். மூன்று சொற்கள் கிடைக்காமல் நிற்கிறேன்.

படத்தில் வருவது முன்னங்கால் இரண்டிலும் குளம்பழற்சி வந்த ஒரு பெட்டைக் குதிரை. குளம்புச் சுவருக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு எலும்பைப் பிடித்து வைத்திருக்கும். அழற்சியில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. பின்னாலிருந்து தசைநாண் இழுக்கிறது, மேலிருந்து உடம்பு அமுக்குகிறது, எலும்பின் முனை கீழே சாய்கிறது. முற்றினால் அடிக்குளம்பைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரையை 1989இல் கருணைக்கொலை செய்ததும் இந்த நோயால்தான்.

லாடக்காரர் முதலில் எக்ஸ்ரேயைப் பார்க்கிறார். குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும் அல்லவா, அதன் நுனியில் ஒரு சின்ன ஊசியைக் குத்தி வைத்து எடுத்த எக்ஸ்ரே. ஊசி வெள்ளையாகத் தெரியும். உள்ளே எலும்பு எங்கே நிற்கிறது, வெளியே அந்த நுனி எங்கே இருக்கிறது என்று அதை வைத்துக் கணக்குப் போடுகிறார். அப்புறம் இரும்புப் பட்டையை வெட்டி, காய்ச்சி, வளைத்து, இரண்டு முனைகளையும் பின்னால் சேர்த்து மூடிவிடுகிறார். அங்கிருந்து முன்பக்கமாக ஒரு நாக்கு நீட்டுகிறது. அந்த நாக்கு முக்கோணப் பகுதியின் மேல் படிந்து, நுனியை எட்டாமல் சற்றுப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். கொஞ்சம் அதிகமாக அமுக்கினாலும் குதிரை காலை ஊன்றாது.

எனக்கு வேண்டியவை: இப்படி ஒரு நோய்க்காகத் தனியாக அடித்துச் செய்கிற லாடத்துக்குப் பொதுப்பெயர், ஆங்கிலத்தில் ஹார்ட் பார் எனப்படும் இந்த வகைக்கு ஒரு பெயர், ஃபிராக் எனப்படும் அந்த முக்கோணப் பகுதிக்கு ஒரு பெயர்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, அடிப்படையிலிருந்து தொடங்குவோம். லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. தொல்காப்பியம் மொழிமரபில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதுவதானால் இலாடம் என்றே எழுத வேண்டும். இலாட நாடு என்பது இன்றைய குசராத்தின் தென்பகுதி. மேற்குக் கடற்கரை வழியாகக் குதிரை வந்தது. நாட்டுப் பெயரே பொருளுக்கும் ஆயிற்று என்பது என் கருத்து.

ஆனால் நமக்கு இரவல் எதற்கு? பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமக்கும் கழுதைச் சாத்தோடு போகிற வம்பலர், அதாவது வழிப்போக்கர், ‘அடிபுதை அரணம்’ அணிந்து செல்கிறார்கள். காலை மறைத்துக் காக்கும் செருப்புக்கு எவ்வளவு அழகான பெயர்! அரணம் என்றால் காவல். குதிரைக் குளம்பின் காவல் குளம்பரணம். மருத்துவத்துக்காகச் செய்வது சீர்க்குளம்பரணம். இதை விடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, குளம்பரணம் காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் இலாட நாட்டுக் கதையை ஏற்க முடியவில்லை. செருப்புக்கு அரபியில் நஅல். அது பாரசீகம் வழியாக உருதுவிலும் மராத்தியிலும் நால் ஆனது. கன்னடத்தில் லாள, தெலுங்கில் லாடமு, நமக்கு லாடம். முதலில் இருந்த நகரம் லகரமானதுதான் வேறுபாடு. இன்னொரு தடயமும் இருக்கிறது. லாடக்காரரை உருதுவில் நால்பந்த் என்பார்கள். பந்த் என்றால் கட்டு. நாம் ஆணி அடித்துப் பொருத்துகிற ஒன்றை ‘லாடம் கட்டுவது’ என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பட்டினப்பாலையே ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்கிறது. குதிரை கப்பலில் வந்தது. ஆணி அடிக்கிற இரும்பு லாடம் ஐரோப்பாவிலேயே பொ.ஆ. 1000 வாக்கில்தான் பரவலானது. சங்க காலத்தில் இல்லாத பொருளுக்குச் சங்கச் சொல்லைத் தேடுகிறோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ எழுதியதை நினைத்துப் பாருங்கள். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை கொண்டுவந்து விற்ற வணிகர்கள் லாடம் அடிப்பவர்களை மட்டும் இங்கே வர விடவில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியாமல் குதிரைகள் சாகும், அடுத்த ஆண்டும் வாங்குவார்கள் என்ற கணக்கு. பொருளும் தொழிலும் வெளியிலிருந்து வந்தன, சொல்லும் கூடவே வந்தது. பள்ளிப் பிள்ளைக்குக்கூட லாட காந்தம் தெரியும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வகுப்பில் என்ன பேசுவது?

மதுரையிலிருந்து:

மார்க்கோ போலோ சொன்னதெல்லாம் வேதவாக்கு ஆகாது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நடந்த மண்ணில் குதிரை வளர்க்கத் தெரியாது என்று ஒரு வெளிநாட்டு வணிகர் எழுதியதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைக்கு லாட காந்தம் தெரிவது நாம் அப்படிக் கற்பித்ததால். குளம்பரணக் காந்தம் என்று கற்பித்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும்.

சேலத்திலிருந்து, இரும்புப் பட்டறை நடத்துபவர்:

சொல் விவாதம் நடக்கட்டும், அதற்கு முன்னால் வசனத்தில் தொழில் சரியாக வர வேண்டும். டாக்டரம்மா அனுப்பிய வரைவில் ‘லாடத்தைப் பற்றவைக்கிறார்’ என்று மட்டும் இருக்கிறது. கேட்பவர் கம்பி வெல்டிங் என்று நினைத்துக்கொள்வார். படத்தில் அவர் செய்வது உலை ஒட்டு. இரண்டு துண்டையும் உலையில் வைத்து, சிவப்பு, மஞ்சள் எல்லாம் தாண்டி வெளுக்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, வெங்காரத்தைத் தூவி, பட்டடையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடிக்கிறார். வெங்காரம் உருகி, மேலே படிந்த செதிலைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். அடுத்த அடியில் இரண்டும் ஒன்றாகிவிடும். பதம் ஒரு நொடி தப்பினால் இரும்பு பூவாகச் சிதறும். படத்தில் அவர் முதல் மூன்று அடிகளை மெதுவாகப் போடுவதைப் பாருங்கள், ஒட்டு பிடித்த பிறகுதான் ஓங்கி அடிக்கிறார். அந்த இடத்தில் வசனமே வேண்டாம், சத்தம் கேட்கட்டும்.

ஆன்வில் என்று எழுதாதீர்கள். பட்டடை குறளிலேயே இருக்கிறது, ‘எறிதற்குப் பட்டடை’. எங்கள் ஊரில் இன்றும் அதே சொல்தான்.

இன்னொன்று. வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் மாட்டுக்கு லாடம் அடித்துப் பழகியவர்களாக இருப்பார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, காலைச் சேர்த்துக் கட்டி, பிளவுபட்ட குளம்புக்கு இரண்டு தகடு அடிப்பார்கள். குதிரை நின்றபடியே இருக்கும், காலைத் தூக்கி முழங்கால் நடுவே பிடிக்க வேண்டும். நோய் வந்த குதிரையோ ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலில் எடை தாங்காமல் தடுமாறும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில், இந்தப் படத்தை எங்கள் பட்டறைப் பெரியவரிடம் காட்டினேன். ‘நாக்கு வச்ச லாடம்’ என்று அவராகவே சொன்னார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களிடம் சவாரி மாட்டுக்கு அடிப்பதை லாடன் என்றும் சொல்வார்கள். எனக்கு லாடமும் சம்மதம். பொதுப்பெயருக்குத் திருத்த லாடம் என்று வைக்கலாமே? ஆங்கிலத்தில் ‘கரெக்டிவ்’ என்று சொல்வதற்கும் அதுதான் நேர். ஹார்ட் பாருக்கு இதயப்பட்டை லாடம்.

மதுரையிலிருந்து:

இதய வடிவம் என்பதே மேனாட்டிலிருந்து வந்தது. அந்த வடிவத்துக்கு நம்மிடம் அரசிலை இருக்கிறது. குழந்தையின் அரைஞாணில் கட்டுவதும் அரசிலைதான். லாடம் என்ற சொல்லை நீங்கள் விடமாட்டீர்கள் என்றால் அரசிலை லாடம் என்றாவது வையுங்கள்.

நீலகிரியிலிருந்து:

அரசிலை லாடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது ஐயா. நாக்கு லாடம் கேட்டவுடன் புரிகிறது. இரண்டில் எதை விடுவது என்று தெரியவில்லை.

ஆனால் திருத்த லாடத்தை நான் ஏற்க மாட்டேன், அதற்குக் காரணம் மொழி அல்ல, மருத்துவம். குட்டி பிறந்து சில மாதங்கள்தான் காலெலும்பின் வளர்முனைகள் வளைந்துகொடுக்கும். கணுக்காலுக்கு மேலே இருக்கும் வளர்முனைக்கு மூன்று மாதம்கூடத் தாராளக் கணக்கு. அந்த வயதில் குளம்பின் ஒரு பக்கம் நீட்டம் வைத்து ஒட்டினால் கோணல் கால் நேராகும். அதுதான் உண்மையான திருத்தம். வளர்ந்த குதிரையின் காலை எந்த லாடமும் நேராக்காது. முரட்டுத்தனமாக நேராக்கப் பார்த்தால் மூட்டு கெடும். இங்கே சில இடங்களில் நடப்பது அதுதான்: கால் உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு பக்கக் குளம்பை இறக்கிச் சீவிவிட்டு லாடத்தை அடிப்பார்கள். சில மாதத்தில் குதிரை நொண்டும். ‘திருத்த’ என்ற சொல்லைக் கேட்டால் அந்தக் கை இன்னும் தைரியமாகச் சீவும். அந்த ஒரு சொல்லுக்காக நான் பயப்படுகிறேன்.

படத்தில் இருக்கிற லாடம் எதையும் திருத்தவில்லை. சாய்ந்த எலும்பின் சுமையை நோய்ப்பட்ட சுவரிலிருந்து எடுத்து நடுப்பகுதிக்கு மாற்றுகிறது. சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும், முன்பக்கம் முழுக்கப் புதிதாக இறங்க ஓராண்டு ஆகும். அதுவரை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சீவி, நாக்கின் இடத்தை மாற்றி, திரும்பப் பொருத்த வேண்டும். குணமாக்குவது குதிரையின் உடம்பு. லாடம் தாங்கிக்கொண்டு மட்டுமே நிற்கிறது.

சென்னையிலிருந்து:

அப்படியானால் தாங்கு லாடம். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். தாங்குகட்டை, தாங்குதூண் எல்லாம் வழக்கில் இருக்கின்றன. குட்டிகளுக்கு மட்டும் திருத்து லாடம் என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது யாழ்ப்பாண நண்பர் சொன்னதும் வீணாகாது.

ஃபிராக்குக்கு வருவோம். தவளை என்று மொழிபெயர்ப்பது கேலிக்கூத்து என்று நினைத்தேன், ஆனால் அது ஆங்கிலேயர் கண்டுபிடித்த பெயரில்லை. பழைய கிரேக்கத்திலேயே இந்தப் பகுதிக்குத் தவளை என்ற பெயர் உண்டு. அதற்கும் முன்னால் செனோபோன் என்ற கிரேக்க எழுத்தாளர் இதைத் தகைவிலான் குருவி என்கிறார், வால் பிளந்திருப்பதால். பிரெஞ்சில் சிறு கவை. ஜெர்மனில் கதிர். லத்தீன் உடற்கூற்றியலில் ஆப்பு. நம் ஆசாரிகளுக்கும் ஆப்பு தெரியும். குளம்பாப்பு என்று வைக்கலாமா?

சேலத்திலிருந்து:

ஆப்பு என்றால் இறுக்குவது, பிளப்பது. இது பஞ்சு மாதிரி அமுங்கி எழும்புகிற பகுதி. ஆப்பு என்று சொல்லிவிட்டு அதன்மேல் இரும்பு நாக்கை வைக்கச் சொன்னால், அடித்து இறக்கலாம் என்று கேட்பவனுக்குத் தோன்றாதா? டாக்டரம்மா திருத்தத்துக்குச் சொன்ன அதே காரணம்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

திண்டு? குளம்பின் அடியில் இருப்பதால் அடித்திண்டு.

நீலகிரியிலிருந்து:

அடித்திண்டு நன்றாக இருக்கிறது. இன்று வியாழன். வசனத்தை முடித்துவிட்டேன். தாங்கு லாடம், நாக்கு லாடம், அடித்திண்டு. கையேட்டில் மட்டும் நாக்கு லாடத்துக்குப் பக்கத்தில் அரசிலை லாடம் என்றும் சேர்த்திருக்கிறேன், படத்தைப் பார்த்ததும் பொருத்தம் தெரியும். சேலத்து அண்ணா சொன்னபடி உலை ஒட்டு வருகிற இடத்தில் குரல் கொடுக்கவில்லை. கடைசியில் அவர் ஆணிக்குப் பதிலாகப் பசை போட்டு ஒட்டுகிற இடத்தில் மட்டும் நீளமாகப் பேசியிருக்கிறேன். வலிக்கிற குளம்பில் சுத்தியல் படக் கூடாது என்பதுதான் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது. எல்லாருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:

தாங்கு லாடம் பெரும்பான்மை முடிவு என்றால் இருக்கட்டும். இலாடம் என்று எழுதாததற்கும் குளம்பரணம் ஒரு வரியில்கூட இடம்பெறாததற்கும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் எழுதுவேன்.

சென்னையிலிருந்து:

அம்மா, ஒரு சந்தேகம். அடித்திண்டுக்கு நேர் மேலே, குளம்புக்கு உள்ளே, அதிர்ச்சி வாங்குகிற இன்னொரு மெத்தை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைத்தான் திண்டு என்கிற பொருளில் சொல்கிறார்கள். இதற்கு அடித்திண்டு என்று வைத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? உள்திண்டு என்றால் இரண்டும் ஒரே பொருளின் இரு பக்கம் என்று தோன்றும், ஆனால் ஒன்று கொம்புப் பொருள், மற்றது சதை. சனிக்கிழமைக்குள் இதற்கும் ஒரு சொல் வேண்டாமா?

நீலகிரியிலிருந்து:

வேண்டும். சனிக்கிழமை அதைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு, ‘மேலே இருக்கிற மெத்தை’ என்று சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை புதிய இழையாகத் தொடங்குங்கள்.