செலரிப் பாத்தி

லங்காஸ்டர், பென்சில்வேனியா

அமெரிக்காவில் கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவச் சபையினரான ஆமிஷ் மக்களோடு பழகியவர்கள் எழுதுங்கள் என்று இங்கே கேட்டதும் பலர் குதிரை வண்டியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக இங்கேயே இருக்கும் எனக்கு அந்தச் சாம்பல் நிறக் கூண்டு வண்டி, ஊரில் மாட்டு வண்டி மாதிரி ஆகிவிட்டது. நான் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். படம் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், பெயர் வெளியே வந்தால் இன்னும் சங்கடப்படுவார்கள்.

நகரத்தின் நடுவில் இருக்கும் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை காலையில் காய்கறிக்கு அங்கே போவது எங்கள் வீட்டு வழக்கம். ஊறுகாயும் ஜாமும் விற்கும் ஒரு கடையில்தான் அவள் நின்றிருந்தாள். அப்போது இருபது வயது இருக்கும். பீன்ஸ், காலிஃபிளவர், மிளகாய் எல்லாம் போட்டுச் சர்க்கரையும் வினிகரும் கலந்த "சௌ-சௌ" என்ற பண்டத்தை எனக்குச் சாப்பிடக் கொடுத்தாள். ஊறுகாயில் சர்க்கரை போடுவது என் கணக்கில் பாவம். அடுத்த வாரம் பழிக்குப் பழியாக ஆவக்காய் கொண்டுபோனேன். ஒரு துண்டு வாயில் போட்டவளுக்குக் கண் கலங்கி, மூக்கு சிவந்து, அரை பாட்டில் தண்ணீர் உள்ளே போயிற்று. அதற்கடுத்த வாரம் வந்து, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? அப்பா ரொட்டியில் தடவித் தின்கிறார்" என்றாள். அப்படித்தான் பழக்கம்.

அவளுடைய அத்தையிடம் என்னை "இங்கிலீஷ்காரி" என்று அறிமுகப்படுத்தினாள். ஆமிஷ் அல்லாத எவரும் அவர்களுக்கு இங்கிலீஷ்காரர்தான். பாளையங்கோட்டையில் பிறந்த நான் இங்கிலீஷ்காரி ஆனது இவ்விதம்.

ஒரு வருடம் ஆகஸ்ட் மாதத்தில் மூன்று வாரம் அவளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது நீலமோ பச்சையோ உடுத்துகிறவள் தலை முதல் கால் வரை கருப்பு உடுத்தியிருந்தாள். வெள்ளைத் தொப்பி மட்டும் அப்படியே. அவர்கள் பெண்களின் உடையில் பொத்தான் கிடையாது, குண்டூசிகள்தான். அன்று இடுப்புப் பக்கம் இரண்டு ஊசி கோணலாகக் குத்தியிருந்தது. முன்பெல்லாம் அம்மா சரிபார்த்து அனுப்புவாராம்.

அம்மாதான் போய்விட்டார். தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இவளுக்குக் கீழே ஆறு பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நான்கு வயது.

ஊரில் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதிருப்போம். இங்கே கல்லாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், பின்னால் நான்கு பேர் வரிசை. ஏதோ உளறினேன். அவளே சொன்னாள்: "கருப்பைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை." இந்தப் பக்கத்து வழக்கத்தில் பெற்றோர், கணவன், பிள்ளை, உடன்பிறந்தார் என்றால் பெண்கள் ஒரு வருடம் கருப்பு. தாத்தா பாட்டிக்கு ஆறு மாதம். அத்தை, மாமா, சித்தப்பா என்றால் மூன்று மாதம். ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளுக்கு ஆறு வாரம். நம் தீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் நம்முடையது பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும்; இது தெருவில் நடமாடுகிறது.

அடக்கத்தைப் பற்றிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வெளியாள் ஒருவர் உடலை எடுத்துப் போய்ப் பதப்படுத்தித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு உறவுப் பெண்களே அம்மாவுக்கு வெள்ளை உடுத்திவிட்டார்கள். கல்யாணத்தன்று அம்மா அணிந்த வெள்ளை மேலாடையும் ஏப்ரனும் இந்த ஒரு நாளுக்காகவே பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சவப்பெட்டி சாதாரண மரத்தில்தான். குழியை அக்கம்பக்கத்து ஆண்கள் மண்வெட்டியால் வெட்டினார்கள். கல்லறையில் பாட்டைப் பாடவில்லை, வாசித்தார்கள். அந்த மூன்று நாளும் பால் கறப்பது, சமைப்பது, மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்வது எதையும் வீட்டாரைத் தொட விடவில்லை. "எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை உட்கார்ந்திருப்பது. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது" என்றாள்.

நம் ஊரில் பதினாறாம் நாள் முடிந்தால் வாசல் வெறிச்சோடிவிடும். இங்கே அப்போதுதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மூன்று குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வரும். சிலர் பேசுவார்கள். சிலர் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு, பாப்கார்ன் தின்றுவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் இது தொடருமாம். எனக்கு இது மிக நல்ல வழக்கமாகத் தோன்றியது. அவளுக்கு அக்டோபரிலேயே அலுத்துவிட்டது. "எத்தனை தட்டுதான் கழுவுவது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு அவள் மேல் பிரியம் கூடியது.

அந்த அக்டோபரில் ஊறுகாய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் செலரி வந்தது. ஒன்றிரண்டு கட்டு இல்லை, பெட்டி பெட்டியாக. கடையில் கிடைக்கும் பச்சை நாரைப் போலில்லாமல், தந்தம் போல வெளுத்து, உடைத்தால் சத்தம் வரும் செலரி. "இவ்வளவு எதற்குப் போட்டீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே மூன்று கட்டு எடுத்தேன். அத்தை சட்டென்று வேறு பக்கம் திரும்பினார். அவள் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

செலரி இங்கே கல்யாணக் காய். விருந்தில் பாலாடை போன்ற குழம்பாகவும் வைப்பார்கள், பூச்சாடி வைக்கும் இடத்தில் கண்ணாடி ஜாடியில் குச்சிகளாகவும் நிறுத்துவார்கள். நிச்சயம் ஆனதை வெளியே சொல்ல மாட்டார்கள். இலையுதிர் காலத்தில் சபையில் அறிவிக்கும்வரை ரகசியம். ஆனால் ஒரு வீட்டுத் தோட்டத்தில் செலரி வரிசை நீண்டிருந்தால் ஊருக்கே புரிந்துவிடும். அவளுடைய அம்மா அந்தக் கோடையில் நீளமாக நட்டிருக்கிறார். வெயில் படாமல் தண்டு வெளுப்பதற்காக வரிசையின் இரண்டு பக்கமும் பலகை சாத்தி வைப்பார்களாம். அந்தப் பலகைகளை இழைத்து வைத்ததும் அவரே. நவம்பரில் இவளுக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். "அழுக விடக் கூடாது" என்று கொண்டு வந்து விற்றிருக்கிறாள்.

இது எனக்கு டிசம்பரில்தான் தெரியவந்தது. அந்த மூன்று கட்டையும் நான் பொரியல் செய்து, நன்றாக வரவில்லை என்று பாதியைக் கொட்டியிருந்தேன்.

மிச்சத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வூஸ்டர், ஒஹாயோ

லங்காஸ்டர் அக்காவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியது உண்மை. ஆனாலும் மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் ஆமிஷ் மக்கள் நிறைய வாழும் ஹோம்ஸ் கவுண்டி. இங்கே வண்டிகள் கருப்பு. தொப்பியின் வடிவமும் வேறு. ஒவ்வொரு சபைக்கும் ஒரு சட்டம். வார இறுதிகளில் பெரியவர்களுக்கு உயர்நிலைப் பள்ளிச் சமானத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே ஒரு பெண் வந்தாள், வயது 22. பதினாறாவது வயதில் அப்பா கூரை வேலையில் விழுந்து இறந்திருக்கிறார். அது முதல் இழப்பு. இரண்டாவதை அவளே தேர்ந்தெடுத்தாள். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை விட்டு வெளியேறினாள். வாங்குவதற்கு முன்பே போயிருந்தால் அவ்வளவு பாதகமில்லை. வாக்குக் கொடுத்த பிறகு போனால்தான் சபை விலக்கி வைக்கும்.

வீட்டுக்குப் போகலாம், அம்மாவைப் பார்க்கலாம். ஆனால் ஒரே மேசையில் சாப்பிட முடியாது. அவளுடைய அம்மா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு மேசைகளை ஒரு விரல் இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிட்டார். மேலே இருந்து பார்த்தால் ஒரு மேசை, சட்டப்படி இரண்டு. பல வீடுகளில் இப்படிச் செய்வார்களாம். "குனிந்து பார்க்காதவரை நான் வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவளிடம் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. 1965இல் ஆமிஷ் மக்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்கு கிடைத்ததிலிருந்து பலர் அந்த எண்ணை வாங்குவதே இல்லை. எண் இல்லாவிட்டால் முறையான வேலை கிடைப்பது கடினம், வங்கிக் கணக்கும் இழுபறிதான். பிறந்ததும் வீட்டில்தான், மருத்துவச்சி கையில். தாள்களைச் சேர்க்கவே மாதக்கணக்கில் அலைந்தாள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. 1972இல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு மேல் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பின்னக் கணக்கில் என்னைவிட வேகம், எல்லாம் ஒட்டுத்துணிப் போர்வை தைத்ததில் வந்தது. எக்ஸ் என்று எழுதினால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

அவளுக்கு மிகவும் வலித்தது மொழி. வீட்டில் பேசுவது பென்சில்வேனிய ஜெர்மன், வேதம் வாசிப்பது பழைய ஏட்டு ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம். பேச்சுக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று என்பது நமக்குப் புதிதல்ல. தனியறையில் குடியிருந்தவள் அந்தப் பேச்சு மொழியில் பேச ஆளில்லாமல், பக்கத்துப் பண்ணைக் குதிரையிடம் போய்ப் பேசிவிட்டு வருவாள். இரண்டாவது முயற்சியில் தேர்வில் தேறினாள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. அங்கே ஆமிஷ் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று போன மாதம் சொன்னாள், முகமெல்லாம் பூரிப்பு.

பிலடெல்பியா

சிறியதாக ஒன்று. 2006 அக்டோபர் 2 அன்று லங்காஸ்டர் பக்கத்து நிக்கல் மைன்ஸ் கிராமத்தில், ஆமிஷ் பிள்ளைகளின் ஒற்றை அறைப் பள்ளியில் பத்துச் சிறுமிகள் சுடப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். சுட்டவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அவன் வீட்டாருக்கு ஆறுதல் சொல்ல ஆமிஷ்காரர்கள் உடனே போனார்கள். அவன் அடக்கத்துக்கும் போனார்கள். பத்தே நாளில் பள்ளிக் கட்டடத்தை இடித்துப் புல் விதைத்துவிட்டார்கள். நான் அப்போது ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டில் மதியச் சாப்பாடு வாங்குவேன். கடையில் இருந்த ஆமிஷ் அம்மாவிடம், எப்படி உங்களால் மன்னிக்க முடிகிறது என்று கேட்டுவிட்டேன். அவர் பொட்டலத்தை நீட்டி, "உங்களுக்குப் பின்னால் ஆள் காத்திருக்கிறார்" என்றார். இன்றுவரை அந்தக் கேள்விக்கு வெட்கப்படுகிறேன்.

லங்காஸ்டர் அக்கா, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மீண்டும் லங்காஸ்டர்

ஒஹாயோ சகோதரருக்கு நன்றி. நான் வெல்லம் தடவி எழுதிவிட்டேனோ என்று எனக்கே உறுத்தியது. இவளுக்கும் எல்லாம் கூடி வந்துவிடவில்லை.

கல்யாணத்தை யாரும் நிறுத்தவில்லை. அவளேதான் தள்ளிப் போட்டாள். நான்கு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மார்க்கெட் வேலையை விட்டாள். சித்தப்பா, அத்தை வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து கூடமாட வேலை செய்தார்கள்; அப்படிப் போகும் பெண்ணை "மாவுட்" என்பார்கள். துணைக்குப் பெண்கள் வந்தாலும் கணக்கு வழக்கு இவள் தலையில். குளிர்காலத்துக்கு நூற்றுக்கணக்கான ஜாடிகளில் காய்கறியும் பழமும் அடைக்க வேண்டும். அம்மா எதையும் எழுதி வைக்கவில்லை. முதல் வருடம் தக்காளியில் ஒரு வரிசை முழுக்கப் புளித்துப் பொங்கிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் பன்றிக்குக் கொட்டிவிட்டு, ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாளாம், அப்பா பார்த்துவிடக் கூடாது என்று.

அவர்கள் சமூகத்துக்கென்றே "டீ போட்ஷாஃப்ட்" என்று ஒரு வாரப் பத்திரிகை உண்டு; பெயர்தான் ஜெர்மன், எழுதுவது ஆங்கிலத்தில். அதில் செய்தி வந்ததும் முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து கடிதங்கள் குவிந்தன. அதில் பிறந்தது ஒரு சுற்றுக் கடிதம். தாயை இழந்த ஏழு பெண்கள், மூன்று மாநிலங்கள். ஒரே உறை வீடு வீடாகச் சுற்றும். வந்ததும் எல்லாவற்றையும் வாசித்து, தன்னுடைய பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். தக்காளி ரகசியத்தை முதலில் அதில்தான் எழுதினாள். அடுத்த சுற்றில், மூடி போடும் முன் ஜாடி வாயின் விளிம்பைத் துடைத்தாயா என்று கேட்டு இண்டியானாவிலிருந்து பதில் வந்தது. துடைக்கவில்லை!

பாதை முனையில் ஒரு மேசை போட்டு ரொட்டியும், வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட "ஷூஃப்ளை பை" என்ற இனிப்பும் வைத்தாள். ஆள் கிடையாது. எடுத்துக்கொண்டு டப்பாவில் பணம் போட வேண்டியதுதான். டப்பாவில் ஒரு முறை கனடா நாட்டுச் சில்லறை கிடந்ததைத் தவிர வேறு புகார் இல்லை.

ஆகஸ்டில் ஒரு வருடம் முடிந்து நீல உடையில் வந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது, ஆனால் அவளுக்கு இல்லை, அப்பாவுக்கு. மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையை மணந்துகொண்டார். அங்கே இது சாதாரணம். இவள் மூன்று மாதம் சிற்றன்னையிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. "அவர் நல்லவர்தான். அதுதான் சிக்கல்" என்று ஒரு நாள் சொன்னாள்.

அதற்கடுத்த கோடையில் தோட்டத்தில் மறுபடியும் நீளமாகச் செலரி நட்டாள். நான் ரொட்டி வாங்கப் போனபோது கண்ணில் பட்டது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். செவ்வாயும் வியாழனும்தான் இங்கே முகூர்த்தம். வண்டிப் பட்டறையை ஒழித்து மேசை போட்டிருந்தார்கள். கோழியும் ரொட்டித் துண்டும் கலந்த பதார்த்தம்தான் முக்கியம்; நான் சைவம் என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் உருளைக்கிழங்கு மசியலும் செலரிக் குழம்பும் என் முன்னால் இரட்டிப்பாக வந்து உட்கார்ந்தன. குழம்பில் சர்க்கரை. பேசாமல் சாப்பிட்டேன்.

கடைக்குட்டிக்கு இப்போது ஆறு வயது. ஜாடியிலிருந்து ஒரு செலரிக் குச்சியை உருவிக் கடித்துக்கொண்டு, என்னைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனான். வரிசை காலியாகக் கிடந்தது. பலகைகளை மட்டும் யாரோ மண் போகத் தேய்த்துக் கழுவி, வேலியில் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். கல்யாண நாளில் இதற்கு யாருக்கு நேரம் கிடைத்தது என்று கேட்டேன். சமையல்கட்டு வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்ற சிற்றன்னையை அவன் செலரிக் குச்சியால் சுட்டிக் காட்டினான்.