லாஸ்ட் ஃப்ளீட் கடைசிப் புத்தகம்: மிட்வே சண்டை தலைகால் புரியவில்லை, உதவுங்கள்

அரைத்தூக்கம்:
ஜாக் கேம்பலின் லாஸ்ட் ஃப்ளீட் என்ற விண்வெளிப் போர் நாவல் வரிசையில் ஐந்து புத்தகம் முடித்துவிட்டு, ஆறாவதான ‘விக்டோரியஸ்’ஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இதுவரை சண்டை வந்தாலே பக்கங்களைத் தள்ளிவிட்டு யார் பிழைத்தார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், என் தப்புதான். ஆனால் மிட்வே என்ற நட்சத்திர மண்டலத்தில் வேற்றுக்கிரகக் கப்பல்கள் வரும் இடத்தில் அப்படித் தள்ள மனசு வரவில்லை, கடைசிச் சண்டையாச்சே. எதிரியைப் பார்த்தாயிற்று, சரி, அடிக்க வேண்டியதுதானே? இந்தக் கதைகளில் பார்த்த பிறகு படைத்தலைவர் கியரி சாப்பிடப் போகிறார், தூங்கப் போகிறார், சாவகாசமாக வந்து திரும்பச் சொல்கிறார். கடலில் கப்பலின் வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’, விண்வெளியில் அது எந்தப் பக்கம்? அப்புறம் இதுதான் கடைசி என்று நம்பி வாங்கினேன், கடையில் ‘ட்ரெட்நாட்’ என்று இன்னொன்றில் அதே லாஸ்ட் ஃப்ளீட் பெயரைப் போட்டிருக்கிறான். ஏமாந்துவிட்டேனா?

கடலைமிட்டாய்:
ஏமாறவில்லை. 2006இல் ‘டான்ட்லெஸ்’ஸில் ஆரம்பித்த கதை 2010இல் ‘விக்டோரியஸ்’ஸோடு முடிகிறது. ‘ட்ரெட்நாட்’ 2011இல் வந்தது, ‘பியாண்ட் தி ஃப்ராண்டியர்’ என்ற அடுத்த வரிசையின் முதல் புத்தகம். போர் முடிந்த பிறகு நடப்பது. பிடித்தால் படியுங்கள், இல்லாவிட்டால் ஆறோடு நிறுத்தினாலும் ஒன்றும் குறையாது. முடிவில் கியரி தன் பதவியை

பழையபேப்பர்:
மிட்டாய், அவர் இன்னும் முடிக்கவில்லை, வாயை மூடு.

அரைத்தூக்கம், உங்கள் சிக்கல் எல்லாம் ஒளி நகரும் நேரத்தில் இருக்கிறது. ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்படியும் சூரியனிலிருந்து பூமிக்கு வர 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, நெப்டியூனுக்குச் சுமார் 4 மணி நேரம். கியரி திரையில் பார்ப்பது எதிரி இப்போது இருக்கும் இடம் இல்லை, பழைய சேதி. ஒரு கணக்கு போடுவோம். எதிரி 2 ஒளிமணி தூரத்தில் (ஒளி 2 மணி நேரத்தில் போகும் தூரம்) ஜம்ப் பாயின்ட்டிலிருந்து, அதாவது வேறு நட்சத்திரத்திலிருந்து தாவி வரும் வாசலிலிருந்து, வெளியே வந்து, ஒளியின் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நேராக உங்களை நோக்கி வருகிறான், நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். அவன் வந்ததே 2 மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் படும், அதற்குள் 1.8 ஒளிமணி தூரத்துக்கு வந்திருப்பான். அந்த நொடியே நீங்களும் அதே வேகத்தில் எதிர்கொண்டு கிளம்பினாலும் மோத இன்னும் 9 மணி நேரம் ஆகும். தூங்காமல் என்ன செய்வார் மனுஷன்? நீங்கள் கிளம்பியது அவனுக்குத் தெரியவே சுமார் 1 மணி 38 நிமிடம் ஆகும். எனவே எப்போது திரும்ப வேண்டும் என்பதுதான் சண்டையே. சீக்கிரம் திரும்பினால் அவன் பார்த்துச் சுதாரித்துக்கொள்வான், தாமதித்தால் குறி தவறும்.

கடைசியில் மோதும் நேரம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். இருவரும் அந்த வேகத்தில் எதிரெதிரே வந்தால் நொடிக்கு 60,000 கிலோமீட்டர், பூமியின் குறுக்களவைக் கடக்கவே கால் நொடிகூட ஆகாது. மனிதக் கைக்கு அங்கே வேலையில்லை, ஆயுதங்கள் தானாகத்தான் சுடுகின்றன. அதற்கு மேல் வேகம் கூடினால் சார்பியல் குளறுபடியில், அதாவது அந்த வேகத்தில் எதிரியின் தோற்றமும் இடமும் திரிந்து தெரிவதில், குறி வைக்க முடியாமல் போகும். அதனால்தான் மோதப் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்.

நெப்டியூன்:
ஸ்டார்போர்டுக்கு அந்த மண்டலத்தின் நட்சத்திரத்தைப் பார்த்தால் போதும். நட்சத்திரம் இருக்கும் பக்கம் ஸ்டார்போர்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போர்ட். கோள்கள் சுற்றும் தளத்துக்கு ஒரு பக்கத்தை மேல் என்றும் மறு பக்கத்தைக் கீழ் என்றும் வைத்துக்கொள்கிறார்கள். கப்பல் தலைகீழாக இருந்தாலும் மாறாது. இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு ஒரே உத்தரவைக் கொடுத்து ஒரே நேரத்தில் திருப்ப முடியுமா? எழுதியவர் ஜான் ஹெம்ரி, ஜாக் கேம்பல் அவருடைய புனைபெயர், அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். உத்தரவு போய்ச் சேர ஆகும் நேரத்தை இவ்வளவு விடாப்பிடியாக எழுதுவதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஒரு தாளில் நடுவே நட்சத்திரத்தைப் புள்ளியாக வைத்து இரண்டு படைகளையும் வரைந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் ‘பார்த்த நேரம்’, ‘நடந்த நேரம்’ என்று இரண்டு வரிசை. முதல் தடவை நானும் இப்படித்தான் கரை சேர்ந்தேன்.

அரைத்தூக்கம்:
பழைய சேதி என்று சொன்னதும் பாதி விளங்கிவிட்டது, மீதி தாளில் வரைந்ததும். ராத்திரி உட்கார்ந்து மிட்வேயை இரண்டு தடவை படித்தேன். திரையில் தெரிவது பழசாக இருக்கலாம், ஆனால் பொய்யாகவும் இருக்கலாம் என்று அவர்கள் கண்டுபிடிக்கும் இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மிட்டாய், நீங்கள் பாதியில் விட்டதும் தெரிந்துவிட்டது. தன் கொடிக்கப்பலின் கேப்டனான டெஸ்ஜானிக்காகக் கியரி அட்மிரல் பதவியை விட்டுக் கேப்டனாக இறங்குகிறார், அதுதானே? இவ்வளவு கணக்கு போடும் மனுஷன் கப்பல் கிளம்பும் நேரத்தில் அரக்கப்பரக்க ஓடுவதைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். சண்டைகளைத் தள்ளிவிட்ட முதல் ஐந்தையும் திரும்பப் படிக்க வேண்டுமா?

பழையபேப்பர்:
முதல் புத்தகத்திலிருந்து. தாள் நிறைய வாங்கி வையுங்கள்.