1936 முற்றத்து வீடு: கூடத்துச் சுவரின் சிமெண்ட் பூச்சை முழுக்க உடைத்துவிடலாமா?

கூடத்துச்சுவர்:

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் என் கணவருடைய தாத்தா கட்டிய வீடு. வாசல் நிலைக்கு மேல் 1936 என்று செதுக்கியிருக்கிறது. ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. சென்னை வாடகை கட்டுப்படியாகாமல், அத்தையையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு தை மாதம் இங்கே வந்துவிட்டோம். திண்ணை, ரேழி, முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், பின்னால் இரண்டாம் கட்டு. கூடத்துக்கு நாட்டு ஓடு. தெருப்பக்கத்து அறைக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம்.

நாங்கள் இருவரும் கொத்து வேலையோ மரவேலையோ செய்து பழகியவர்கள் இல்லை. கையில் இருப்பது நான்கு லட்சம். அதில் பெரும்பங்கு ஓட்டுக்குப் போய்விடும். அதனால் சுவர் வேலையை நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமையும், மற்ற நாட்களில் மகள் தூங்கிய பிறகு இரண்டு மணி நேரமும்.

பிரச்சினை இதுதான். முற்றத்தை ஒட்டிய கூடத்துச் சுவரில் தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரை ஓதம். பெயிண்ட் கொப்புளம் கட்டி உதிர்கிறது. தினமும் காலையில் பெருக்கினால் ஒரு கை வெள்ளைத் தூள் வருகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. 2009-இல் மாமா இருந்தபோது பழைய காரைமேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். முற்றத்துக்கும் அதே சமயம் சிமெண்ட் தளம் போட்டார்கள்.

பார்க்க வந்த மேஸ்திரி சொன்னது: "கொத்திட்டு வாட்டர் ப்ரூஃப் கலந்து பூசி, மூணடிக்கு டைல்ஸ் ஒட்டிடுங்க, ஓதம் தெரியாது." தெரியாது என்றாரே தவிர, போய்விடும் என்று சொல்லவில்லை. எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

போன வாரம் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி உளி வைத்துக் கொத்திப் பார்த்தோம். முக்கால் அங்குல சிமெண்ட், பலகைபோலப் பெயர்ந்து வந்தது. அதன் பின்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே பழைய சுண்ணாம்புக் காரை. ஈரம் ஏறாத மேல் பாகத்தில் அது இன்னும் முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக இருக்கிறது. கையை எடுக்க மனமே வரவில்லை. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வழவழப்பு அது.

அந்த இடத்தில் நாமே சுண்ணாம்பு பூசிப் பார்க்கலாம் என்று வெள்ளையடிக்க விற்கும் சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டை வாங்கி, ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து பூசினோம். மூன்றாம் நாள் வெடித்தது, ஐந்தாம் நாள் பாதி கீழே விழுந்தது. இவர் முகம் வாடிப்போய்விட்டது.

என் கேள்விகள். சிமெண்டை முழுக்க எடுத்துவிடலாமா? எங்கள் சுண்ணாம்பு ஏன் நிற்கவில்லை? இன்னொன்று, தெரு அறை மெட்ராஸ் டெரஸில் ஒன்பது தேக்குச் சட்டங்கள். அதில் ஒன்றைச் சுவர் ஓரத்தில் தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது, மற்றவை கணீரென்கின்றன. அதை நாங்கள் எப்படிச் சரிசெய்வது? மகளும் அத்தையும் அந்த அறையில்தான் படுக்கிறார்கள். கதவு ஜன்னல்களையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

---

காரைக்கரணை:

தங்கச்சி, எங்க அப்பா காரைக்குடிப் பக்கம் காரை வேலை பார்த்தவர். சின்ன வயசுல அவருக்குச் சுண்ணாம்பு அரைச்சுக் கொடுத்தவன் நான். உங்க சுவரைப் படிக்கும்போதே கை பரபரக்குது.

முதல்ல சுண்ணாம்பு ஏன் விழுந்துச்சு. மூட்டையில வர்ற பொடி எத்தனை மாசம் கடையில கிடந்துச்சோ தெரியாது. சுண்ணாம்பு இறுகுறதே காத்துல இருக்கிற கரியமில வாயுவைத் திரும்ப உள்ள இழுத்துக்கிட்டுத்தான். மூட்டைக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா இழுத்து முடிச்சிருந்தா, சுவர்ல போய்ப் பிடிக்க அதுக்குத் தெம்பு இருக்காது. சூளையில சுட்ட கல் சுண்ணாம்பையோ கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கட்டியா வாங்கி நீங்களே நீத்துங்க, அதாவது தண்ணியில போட்டுக் கொதிச்சுக் கரைய விடுங்க.

நீத்துறப்ப கவனம். தண்ணியில சுண்ணாம்பைப் போடணும், சுண்ணாம்பு மேல தண்ணியைக் கொட்டக் கூடாது. கொதிச்சுத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிடும், இரும்பு டிரம்மோ செங்கல் தொட்டியோ வேணும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம கிட்ட போகாதீங்க. கண்ணுல பட்டா பார்வையே போயிடும். பாப்பாவை அந்தப் பக்கமே விடாதீங்க. நீத்தினதைச் சல்லடையில வடிச்சு, மேலே தண்ணி நிக்கிற மாதிரி மூடி வச்சா எத்தனை வாரம் ஆனாலும் கெடாது. நாளாக நாளாக வெண்ணெய் மாதிரி வரும். கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி சேர்க்கிறது எங்க பக்கத்து வழக்கம். அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதனால எண்ணிக்கை சொல்லல. முதல்ல அது இல்லாமலே பழகுங்க.

ரெண்டாவது, சுவரை நனைச்சீங்களா? நனைச்சிருக்க மாட்டீங்க. காஞ்ச பழைய செங்கல் காரையில இருக்கிற தண்ணியை ஒரே நிமிஷத்துல உறிஞ்சிடும். முதல் நாள் சாயங்காலமே நனைங்க, பூசறதுக்கு முன்னாடி மறுபடி நனைங்க. ஒரே தடவையில கனமா அப்பாதீங்க, அரை அங்குலத்துக்குள்ள இருக்கட்டும். அது இறுகும்போது மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விடும். அப்ப மணியாம்பலகையால, அதான் பூச்சைத் தேய்க்கிற மரப்பலகையால, திரும்ப அழுத்தித் தேய்க்கணும். அந்த ரெண்டாவது தேய்ப்பை விட்டுட்டா வேலை போச்சு. அடுத்த பூச்சுக்கு முன்னாடி மேலே கீறி விடுங்க. ஈரச்சாக்கு கட்டி, வெயில் நேரா படாம பார்த்துக்கங்க.

ஆனா இதெல்லாம் அப்புறம். அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாம ஒரு கரணைகூடப் பூசாதீங்க.

---

ஓய்வுபெற்ற_ஜேஇ:

அம்மா, முதலில் அந்தத் தேக்குச் சட்டம். இன்று இரவே அந்த அறையைக் காலி செய்யுங்கள். சட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கி உளுக்கும். தேக்கில் வைரம் (உள்கட்டை) எளிதில் போகாது, ஆனால் வெளிறு (வெளிப்பக்கத்து மென்கட்டை) போகும், கரையானும் அதைத்தான் தேடும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது வெளியிலிருந்து தெரியாது.

மெட்ராஸ் டெரஸ் எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். சட்டங்களுக்கு மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. இத்தனையும் அந்த ஒன்பது சட்டத்தில் நிற்கிறது. உளுத்த சட்டத்துக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, குறுக்கே ஒரு கட்டை கொடுத்து அடியில் முட்டு நிறுத்துங்கள். முட்டின் கீழே பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் இறங்கும். இதையும் சாரம் கட்டத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். சட்டத்தை மாற்றுவது உங்கள் வேலை அல்ல. பழைய கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். மேலே ஒழுகுகிறது என்று யாராவது சிமெண்ட் கான்கிரீட் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கனம் கூடும், உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறாது.

சிமெண்ட் பூச்சு: ஓதம் ஏறிய சுவரில் எடுத்துவிடுவதே சரி. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டும் பட்டியும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. அப்போது தண்ணீர் வழி தேடி இன்னும் மேலே ஏறும். கரைந்த உப்பு பெயிண்டுக்குப் பின்னால் பளிங்காகி அதைத் தள்ளுகிறது. நீங்கள் பெருக்கும் தூள் அதுதான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரி வெளியே கொட்டுங்கள். உறுதியாகப் பிடித்திருக்கும் மேல் பாகத்தில் சிமெண்டை வம்படியாகக் கொத்த வேண்டாம், செங்கல் முகம் பெயர்ந்துவிடும். கொத்துவதற்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். பழைய வயர் சுவருக்குள் எங்கே ஓடுகிறது என்பது யாருக்கும் நினைவிருக்காது. வயரிங் மாற்றும்போது மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் வரும் வழிக்கு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று தெரு. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் பல ஊர்களில் தெரு திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். உங்கள் ஊரில் எப்படி என்று பாருங்கள். ஆனால் தெருச் சுவரை விட்டுவிட்டு முற்றத்துச் சுவரில் ஓதம் என்பதால், எனக்கு முற்றத்தின் மேல்தான் சந்தேகம். பத்துக் குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பாருங்கள்.

---

தாமிரபரணிக்கரை:

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க வீட்டை நானும் என் வீட்டுக்காரரும் மூணு வருஷமா இப்படித்தான் தேத்திக்கிட்டு இருக்கோம். சுவரைப் பத்தி அண்ணாச்சிகள் சொல்லிட்டாங்க. நான் கதவைப் பத்திச் சொல்லணும், தயவுசெய்து கேளுங்க.

உப்புத்தாளை இப்பவே கீழே வையுங்க. பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்கும். நம்ம நாட்டுல வீட்டு பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு விதி வந்ததே 2016-ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்சது எதுவா இருந்தாலும் ஈயம் இருக்குன்னே வச்சுக்கங்க. காஞ்ச பெயிண்டைத் தேய்ச்சா அந்தத் தூள் தரையில படியும், மூணு வயசுப் பிள்ளை தரையில கைவச்சு அதே கையை வாயில வைக்கும். பிள்ளைங்க மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனக்கு இதை யாரும் சொல்லல, நான் ஏழு மாசக் கர்ப்பத்துல ரெண்டு ஜன்னல் தேய்ச்சேன். அதை நினைச்சா இன்னிக்கும் வயித்தைக் கலக்குது.

தேய்ச்ச இடத்தை விளக்குமாறால பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுடுங்க. பெயிண்ட் உறுதியா இருந்தா மேலேயே புதுசு அடிங்க. எடுத்தே ஆகணும்னா கதவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய், நனைச்சு நனைச்சுச் சுரண்டுங்க. முகத்துக்கு என்95 மாஸ்க் போடுங்க. உடுத்தின துணியைத் தனியாத் துவைங்க. பிள்ளைக்கு இரத்தத்துல ஈயம் பார்க்கிற பரிசோதனை இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க.

---

கூடத்துச்சுவர்:

மூன்று பேருக்கும் நன்றி. அன்று இரவே மகளையும் அத்தையையும் கூடத்துக்கு மாற்றினோம். மறுநாள் முட்டுக் கொடுத்தாயிற்று. கும்பகோணத்திலிருந்து ஒரு பொறியாளர் வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். தாமிரபரணிக்கரை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தேன். மகளுக்கு இரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை.

முற்றத்தில் பத்துக் குடம் ஊற்றினோம். சலதாரை (முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வடிகால்) என்று நாங்கள் நினைத்திருந்த ஓட்டை வழியாக மெல்லத்தான் போனது. முக்கால் மணி நேரம் ஆகியும் கூடத்துப் பக்க மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. பிறகு அந்தச் சுவரோரத்தில் அப்படியே உள்ளே இறங்கியது. குனிந்து பார்த்தபோது தளத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் பிளவு.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை அப்போதுதான் சொன்னார்: "சலதாரை இந்தப் பக்கம் இல்லியேம்மா. நான் கல்யாணமாகி வந்தப்ப அந்த மூலையிலதான் இருந்துது. வாழைக்கொல்லைக்குப் போகும். ஐப்பசி மழையில கொடகொடன்னு சத்தம் கேட்கும்." இத்தனை நாளில் நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இவர் கடப்பாரையால் அந்த மூலைத் தளத்தை உடைத்தார். ஓரடி ஆழத்தில் கருங்கல்லில் குடைந்த வாய், அதை ஒட்டி சுட்ட மண் குழாய். வாய் முழுக்க 2009 சிமெண்ட். உளியால் இரண்டு மணி நேரம் எடுத்தது. குழாய்க்குள் மண்ணும் வேரும். நீள மூங்கில் விட்டுக் குத்தி, தண்ணீர் ஊற்றி, மறுபடி குத்தி, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொல்லையிலிருந்து மகள் கத்தினாள். வாழை மூட்டில் கறுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

கூடத்துச் சுவரில் சிமெண்டை இடுப்புக்கு மேல் ஓரடி வரை எடுத்துவிட்டோம். செங்கல் தெரிய அப்படியே ஆறவிட்டிருக்கிறோம். காரைக்கரணை அண்ணன், அரியலூர்ப் பக்கத்திலிருந்து கல் சுண்ணாம்பு மூன்று மூட்டை சொல்லியிருக்கிறேன். ஆவணிக்கு முன் பூச ஆரம்பிக்கப் போவதில்லை, அதுவரை நீற்றி ஊறவைத்தால் போதும்தானே? அந்த மண் குழாயில் நடுவே ஒரு துண்டு உடைந்திருக்கிறது. அதே அளவில் சுட்ட குழாய் எந்த ஊரில் இன்னும் செய்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். உள்விட்டம் ஐந்து அங்குலம்.