மடித்து வைத்திருந்த விடுதலைச் சான்று

நான் பாடம் நடத்தும் வியாசர்பாடிப் பள்ளியில் வாக்காளர் சிறப்பு முகாம். வாக்குச்சாவடி நிலை அலுவலராக நான் மேசையில் இருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசற்படியிலேயே நின்றார். மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்றுதான் காத்திருந்தார் என்பது பிறகு புரிந்தது. கூட்டம் குறைந்ததும் மஞ்சள் பையைத் திறந்தார். முதலில் வெளியே வந்தது ஆதார் அட்டை அல்ல. நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டிய சிறை விடுதலைச் சான்று. புழலில் ஏழு ஆண்டுகள்.

"எனக்கு ஓட்டு உண்டா, டீச்சர்?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த கட்சி முகவர், "ஆறு வருடம் கழியட்டும், அண்ணே" என்றார். கெட்ட எண்ணமில்லை, அப்படித்தான் நம்புகிறார். பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு ஆண்டுகள் முடியும்வரை தேர்தலில் நிற்க முடியாது. ஓட்டுப் போடுவதற்கு அந்தக் கணக்கே கிடையாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, சிறையிலோ போலீஸ் காவலிலோ இருக்கும்வரைதான் தடுக்கிறது. வெளியே வந்த அன்றே தடை தீர்ந்தது. யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

(இதே பிரிவால், ஜாமீன் கொடுக்க ஆள் கிடைக்காமல் உள்ளே கிடக்கும் விசாரணைக் கைதிக்கு ஓட்டு இல்லை, தண்டனை பெற்றும் ஜாமீனில் வெளியே இருப்பவருக்கு உண்டு. எனக்கு இது இன்றுவரை பொறுக்கவில்லை.)

பட்டியலில் அவர் பெயர் இல்லைதான். ஆனால் காரணம் தண்டனை அல்ல. அவர் உள்ளே இருந்தபோது மனைவி புளியந்தோப்பு வாடகை வீட்டைக் காலிசெய்திருக்கிறார். பழைய முகவரியில் ஆளில்லை என்று பெயர் போய்விட்டது. பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ எடுத்து, வழக்கு, தண்டனை பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்று காட்டினேன். அவர் விரலை வைத்து வரிவரியாகத் தேடினார். இரண்டு பக்கமும் தேடினார்.

"அப்படியென்றால் இந்தச் சான்று?"

"வேண்டாம், அண்ணா. வீட்டிலேயே இருக்கட்டும்."

வெளியே வந்து நான்கு ஆண்டுகளாம். அதற்குள் இரண்டு தேர்தல்கள் அவர் கையைவிட்டுப் போயிருந்தன. விடுதலை நாளில் உடைமைகளைத் திருப்பித் தரும்போதே, "உனக்கு ஓட்டு இருக்கிறது, பெயரைச் சரிபார்த்துக்கொள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் ஒதுங்கி நிற்கலாம். அடுத்த முகாமுக்கு அழைத்து வாருங்கள். புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று கையில் இருக்கட்டும்.